பிரேக்கு காயுற தூரம்

வாங்க தம்பி, வாங்க. கோயம்புத்தூர்லருந்து காரு பாக்க வந்தவரு நீங்கதான? மத்தியானம்தான் வருவீங்கன்னு எங்க வீட்டுக்காரக சொன்னாக. நீங்க என்னன்னா நான் கையும் துணியுமா நிக்கிற நேரத்துக்கு வந்துட்டீங்க. பரவால்ல, பரவால்ல. அவுக பால் வாங்கப் போயிருக்காக. தூரத்துலருந்து வர்றவருக்குப் பாக்கெட் பால்ல காபி குடுக்கக் கூடாதாம், கறந்த பால்தான் வேணுமாம். கறக்குற இடம் ரயில்வே கேட்டுக்கு அங்குட்டு இருக்கு. கேட்டு அடைச்சிருந்தா வர நேரமாகும்.

அந்த ஸ்டூலை இழுத்து நிழல்ல போட்டு உக்காருங்க. நான் பாட்டுக்குத் துவட்டிக்கிட்டே பேசுறேன். தப்பா நினைக்காதீங்க, பாதியில விட முடியாது. தண்ணி தன்னால காஞ்சுச்சுன்னா தேமல் விழுந்த மாதிரி பெயிண்டுல வெள்ளை வெள்ளையாப் புள்ளி நின்னுரும். அதுக்குத்தான் வெயில் வந்தா ஷெட்டுக்குள்ள தள்ளி வச்சுத் துவட்டுறது.

இதுதான் எங்க ஹெரால்டு காரு. நல்லாப் பாத்துக்கிடுங்க. உங்க வீட்ல ஏற்கெனவே மூணு பழைய காரு நிக்குதாமே? அவுக சொன்னாக. ஒண்ணுக்கே நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். உங்க வீட்டம்மா பாவம்.

இங்க கழுவுறது அவுக, துவட்டுறது நான். கல்யாணம் ஆன புதுசுலருந்து இந்த வீட்ல அதுதான் பாகப்பிரிவினை. கழுவுறதுல என்ன இருக்கு சொல்லுங்க? ஓஸ் பைப்பைப் பிடிச்சுத் தண்ணியைப் பீச்சுனா முடிஞ்சது. பீச்சிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னு எனக்கு யோசனை சொல்லுவாக. 'பிரமு, தேய்க்காத, ஒத்து. பிரமு, மேலருந்து கீழ வா. பிரமு, கீழ துடைச்ச துணியை மேல கொண்டு போகாத, மண்ணு இருக்கும்.' இத்தனை வருசம் துவட்டுறவளுக்கு இது தெரியாதா? எம் பேருதான் பிரமு. அவுக பேரை நான் சொல்றதில்ல. வாசல் போர்டுல எழுதியிருக்கு, படிச்சிக்கிடுங்க.

தம்பி, சும்மாதான இருக்கீங்க, இந்தத் துணியோட அந்த ரெண்டு முனையைப் பிடிங்க. கூரைக்கு மட்டும் ரெண்டாள் வேணும். அப்படியே விரிச்சுப் போடுங்க. ஆங், தேய்க்காதீங்க! விரிச்சபடியே உங்க பக்கமா மெதுவா இழுங்க. தண்ணி துணியோட வருதா? அம்புட்டுதான். பச்சப்பிள்ளைக்குத் தலை துவட்டுற மாதிரி செய்யணும். இது என் பழைய சுங்குடிச் சேலை. கஞ்சியெல்லாம் போயி மெத்துனு ஆன பெறகுதான் காருக்கு வரும். அவுக மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தவுக. அங்க கழிவுப் பஞ்சு மூடை மூடையாக் கெடக்கும். ஊர்ல இருக்கிற மெக்கானிக்கெல்லாம் அதை வச்சுத்தான் துடைப்பாக. இவுக ஒரு பிடி கூட காரு மேல பட விட மாட்டாக. அதுல பருத்திக்கொட்டைத் தோலு ஒட்டியிருக்குமாம், கீறிருமாம். எஞ் சேலைதான் வேணும். நான் ஆசையா ஒரு நூல் சேலை எடுத்து உடுத்திக்கிட்டு முன்னால வந்து நின்னா, இது எப்பப் பழசாகும்னு பாக்குற மாதிரி இருக்கும் அந்தப் பார்வை.

என் கையை என்ன பாக்குறீங்க? கைக்குட்டை கட்டியிருக்கேனேன்னா? அது ஒரு பெரிய கதை. காரு வீட்டுக்கு வந்த புதுசுல நான் வளையலோட துவட்டிட்டேன். கண்ணாடி வளையல். அந்தா, பானெட்டுல ஒரு கோடு தெரியுதா? குனிஞ்சு பாருங்க. என் வளையல் போட்ட கோடுதான். வையப் போறாகன்னு நிக்கிறேன், அவுக ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பாத்துட்டு, 'இனிமே வளையலைக் கழட்டிட்டுத் துவட்டு பிரமு'ன்னாக. அம்புட்டுதான். மறு வாரம் கழட்டி வச்சிட்டுத் துவட்டுறேன், எங்க அத்தை பாத்துட்டாக. அவுக அம்மா. 'சுமங்கலி வெறுங்கையோட நிக்கிறதா? ஒரு காருக்காகவா?'ன்னு தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி ஒரு சத்தம். அதுலருந்து இவுகளே ரெண்டு கைக்குட்டை எடுத்து, வளையலை மேல தள்ளி, சுத்திக் கட்டி விடுவாக. அத்தை கண்ணு முன்னாலயே கட்டுவாக. எனக்கா, மானம் போகும். இந்தா பாருங்க, இன்னைக்கும் கட்டி விட்டுட்டுத்தான் பால் வாங்கப் போனாக. இறுக்கிக் கட்டுறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.

அந்தக் கோட்டை ஏன் சரி பண்ணலன்னு கேப்பீங்க. நடுவுல ஒருக்க காரு முழுக்க பெயிண்டு அடிச்சாச்சு. பானெட்டை மட்டும் அடிக்காம விட்டுட்டான் அந்தப் பெயிண்டர். கேட்டா, 'பானெட்டுல இருக்கிறது ஒரிஜினல் பெயிண்டு, தொடக் கூடாது'ங்கிறாக இவுக. அப்ப கதவுல இருந்தது என்ன டூப்ளிகேட்டா? நிறம் ஒட்டவே இல்ல பாருங்க. பெயிண்டர் சரியில்ல, வேறென்ன.

கூரையும் கண்ணாடியும் ஆச்சு. இனி அந்தத் துணியைப் போட்டுட்டு இந்தத் துணி. கதவைத் தொறங்க. அந்த ரப்பர் பட்டைக்கு உள்ள தண்ணி நிக்கும், விரலை விட்டுத் துடைக்கணும். கதவுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கா? உள்ள எறங்குற தண்ணி அது வழியாத்தான் வெளிய வரணும். மண்ணு அடைச்சிருந்தா தண்ணி உள்ளயே நின்னு தகரத்தைத் தின்னுரும். ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குத்தி விட்டீங்கன்னா போதும். பாருங்க, எப்படி ஒழுகுது! லைட்டைச் சுத்தி இருக்கிற நிக்கல் வளையத்துக்கு உள்ளயும் அப்படித்தான். எல்லாத்தையும் தொறந்து போட்டுக் காத்தாட விடணும். கதவு, டிக்கி, பானெட்டு எல்லாம். ஈரத்தோட கவர் போட்டு மூடிரவே கூடாது. மூடுனா புழுங்கித் துரு ஏறிரும்.

இதெல்லாம் முடிஞ்ச பெறகுதான் முக்கியமான வேலை. நீங்க மூணு காரு வச்சிருக்கிறவரு, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பிரேக்கு. சக்கரத்தைக் கழுவும்போது பிரேக்கு டிரம்முக்குள்ள தண்ணி போயிரும். அந்த ஈரத்தோட நிறுத்தி வச்சா உள்ள ஒட்டிக்கிரும். ஓட்டுனாலும் மிதிச்சா பிடிக்காது. அதனால மெதுவா மிதிச்சு மிதிச்சு ஓட்டணும், அந்தச் சூட்டுல ஈரம் ஆவியாப் போகும். அதுக்கு இங்க ராஜபாளையத்துலருந்து சீவில்லிபுத்தூர் வரைக்கும் போகணும்.

ஆமா, பத்துப் பன்னெண்டு கிலோமீட்டரு, சீவில்லிபுத்தூர் வரைக்கும்தான். போனதும் உடனே திரும்பிரவும் கூடாது. டிரம்மு ஆறணும். அதுக்காக நிறுத்திட்டுப் பால்கோவாக் கடைக்குப் போவோம். அப்பத்தான் எறக்கியிருப்பாக, இலையில சூடா வாங்கிக்கிட்டு, குளத்துப் படியில உக்காந்து கோபுரத்தைப் பாத்துக்கிட்டே திங்கிறது. அங்க வச்சுத்தான் என் கைக்குட்டையை அவுத்து விடுவாக. நடு நடுவுல எந்திரிச்சுப் போயி சக்கரத்தைத் தொட்டுப் பாத்துட்டு வந்து, 'இன்னும் சூடு இருக்கு பிரமு, கொஞ்சம் உக்காருவோம்'பாக. மழைக்காலத்துல டிரம்மு ஆற ரொம்ப நேரமாகும். குளிர்ந்த காத்துல சீக்கிரம் ஆறணும்ல, இது தலைகீழ். என்ன எஞ்சினீயரோ.

நான் எதுக்குக் கூடப் போறேன்னா, இடது பக்கம் வெயிட்டு வேணும். டிரைவர் பக்கம் மட்டும் ஆளு இருந்தா அந்தப் பக்கத்துப் பிரேக்குதான் காயும், இடது பக்கம் ஈரமாவே நின்னுரும். அதுக்கு நான் உக்காரணும். எங்க அத்தை ஒரு ஞாயித்துக்கிழமை, 'நானும் வாறேன், ஆண்டாளைக் கும்பிட்டு நாளாச்சு'ன்னு கெளம்புனாக. 'பின்னால வெயிட்டு ஏறுனா பின் பிரேக்கு காயாதும்மா, உன்னை நாளைக்கு பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன்'னுட்டாக. சொன்ன மாதிரியே மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுக் கூட்டிட்டுப் போனாக. வண்டி விசயத்துல பெத்த தாய்க்குக் கூட விட்டுக் குடுக்க மாட்டாக.

அப்பல்லாம் இந்த வீட்ல புருசனும் பொண்டாட்டியும் சேந்து வெளிய போறதுன்னா ஒண்ணு கல்யாணம், இல்லன்னா எழவு வீட்டுக் கேதம். ரெண்டுக்கும் அத்தை நடுவுல வருவாக. சினிமான்னு வாயைத் தொறக்க முடியாது. ஆனா பிரேக்கு காய வைக்கப் போறதுக்கு அத்தை ஒண்ணும் சொன்னதில்ல. அது வேலையாச்சே? வேலைன்னா விட்டுருவாக. அவுகளும் வீட்ல வாயே தொறக்காத மனுசன். ஸ்டியரிங்கைப் பிடிச்சாத்தான் பேச்சு வரும். மில்லுல யாருக்கு யாரு மேல கோவம், எந்த மிசினு மக்கர் பண்ணுது, எல்லாம் அந்த ரோட்டுலதான் எனக்குத் தெரியும். பாட்டு வேற பாடுவாக. காதுல பஞ்சு வச்சிக்கிடணும் போல இருக்கும். மில்லுக்காரக வீட்ல பஞ்சுக்கா பஞ்சம்?

ஆனா தம்பி, காருப் பைத்தியத்துக்கும் ஒரு அளவு இருக்குல்ல? எங்கப்பா தவறுன வருசம் நடந்ததை நான் இன்னும் மறக்கல. பிடிச்ச சோறு இறங்கல, யாருகிட்டயும் பேச்சு இல்ல, சுவத்தைப் பாத்தபடி கெடக்குறேன். இவுக என்ன செஞ்சாக தெரியுமா? காரைக் கழுவுனாக. ஞாயித்துக்கிழமை கூட இல்ல. நேத்துத்தான கழுவுனீங்கன்னு கேட்டா, தூசிங்கிறாக. மறுநாளும் தூசிங்கிறாக. ஊரே தண்ணி லாரிக்குக் குடத்தை வச்சிக்கிட்டுக் காத்துக் கெடக்கு, இவுக கெணத்துத் தண்ணியை இறைச்சு இறைச்சு ஊத்துறாக. அத்தை தலையில அடிச்சுக்கிட்டாக. 'பிரமு, துவட்டணும், எந்திரி'ம்பாக. எந்திரிச்சு வருவேன். துவட்டுனா, அப்புறம் பிரேக்கு. அந்த சீட்டுல உக்காந்து போற வழி பூரா அழுவேன். எனக்கு அப்பன் போயிட்டான், இந்த மனுசனுக்குக் காரு பெருசாப் போச்சேன்னு அழுவேன். அவுக மெதுவா ஓட்டுவாக. அங்க போயி ரெண்டு வாய் தின்பேன். அங்க போயி ரெண்டு வாய் தின்பேன். அப்படியே ஒரு மாதிரி எந்திரிச்சிட்டேன், அதைச் சொல்லணும். ஆனா அந்தக் கோவம் மட்டும் எனக்கு இன்னும் போகல.

இப்ப ஏன் விக்கிறோம்னு கேட்டீங்கள்ல? அந்தப் பைத்தியம் தெளிஞ்சிருச்சு, அதான். போன வருசம் நான் மாடிப்படியில விழுந்து முட்டி போச்சு. இந்த சீட்டு ரொம்பத் தாழ்வு, உக்காந்தா எந்திரிக்க முடியல. நீங்களே போங்க, நான் வரலன்னுட்டேன். போனாக. தம்பி, நான் உள்ள போயி அடுப்புல உலை கூட வைக்கல, திரும்பி வந்துட்டாக! என்னங்க, பிரேக்குன்னேன். 'தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வந்தேன், காஞ்சிருச்சு'ங்கிறாக. இடது பக்கம்? அதுவும் காஞ்சிருச்சாம். அடுத்த வாரமும் தெரு முக்குதான். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, மனுசனுக்குக் காரு மேல இருந்த அக்கறை விட்டுப் போச்சு. பெறகு மாசத்துக்கு ஒருக்கதான் கழுவுறாக. பொங்கலுக்குப் பூனாலருந்து மகன் வந்திருந்தான். அவன் முன்னால, 'இந்த டப்பாவை எப்பத்தான் தலைமுழுகுவீகளோ'ன்னேன். வழக்கமாச் சொல்றதுதான். அவுக என் முட்டியைப் பாத்தாக, காரைப் பாத்தாக, 'சரி, குடுத்துருவோம்'னுட்டாக.

எத்தனை வருசமாச் சொல்றேன், இப்பத்தான் எம் பேச்சைக் கேட்டிருக்காக. எனக்குச் சந்தோசந்தான். ரொம்பச் சந்தோசம். ராத்திரி பூரா கண்ணைக் கூட மூடல, சந்தோசத்துலதான்.

சரி, கொண்டு போறவரு நீங்க, பக்குவத்தைக் கேட்டுக்கிடுங்க. உங்க ஊர்லருந்து அம்புட்டுத் தூரத்துல ஒரு ஊரு பாத்து வச்சிக்கிடுங்க. சூடா திங்க ஏதாச்சும் கெடைக்கிற ஊராப் பாருங்க, டிரம்மு ஆறுற வரைக்கும் சும்மாவா நிப்பீங்க? இடது பக்கம் உங்க வீட்டம்மாவை உக்கார வைங்க. பின்னால மட்டும் யாரையும் ஏத்திராதீங்க. என்ன தம்பி, சிரிக்கிறீங்க? நான் என்ன சிரிப்பாவா சொன்னேன்?

என்னது?

தெரு முக்கு வரைக்கும் போனாலே போதுமா? நாலு மிதி மிதிச்சாக் காஞ்சிருமா? அது உங்க காருக்கு இருக்கும். ஹெரால்டுக்கும் அப்படித்தானா? அப்ப இடது பக்கம் வெயிட்டு? அப்படி ஒண்ணு இல்லவே இல்லையா? பின்னால ஆளு ஏறுனா? அதுவும் இல்லையா? ஏன் தம்பி, நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?

இருங்க. அந்த ஸ்டூலைக் கொஞ்சம் குடுங்க. நான் உக்காருறேன்.

ஒண்ணும் இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாம். வாயில்லாத மனுசன்னுல்ல நினைச்சிக்கிட்டு இருந்தேன். எத்தனை பொய்யி! பெத்த தாய் முகத்தைப் பாத்து, பின் பிரேக்கு காயாதும்மான்னு, எப்படித்தான் வாய் வந்துச்சோ. மழைக்காலத்துல டிரம்மு ஆறாதாம். நானும் மழையைப் பாத்துக்கிட்டு, ஆறட்டும் ஆறட்டும்னு உக்காந்திருந்திருக்கேன் பாருங்க.

அப்ப எங்கப்பா தவறுனப்போ. தம்பி, அன்னைக்குத் தூசியே இல்ல. துவட்டுனவ நான், எனக்குத் தெரியாதா? துணியில ஒரு அழுக்கு வரல. சுத்தமாத்தான இருக்குன்னு நினைச்சிக்கிட்டேதான் துவட்டுனேன். எதுக்குன்னு ஒரு நாளு யோசிக்கல. காரு மேல ஆசைன்னே நினைச்சேன். அந்தக் கோவத்தை இத்தனை வருசம் பத்திரமா வச்சிருந்திருக்கேன், அவுகளை அழுதுகிட்டே வைஞ்சிருக்கேன். ஐயோ, எனக்கு வெக்கமா இருக்கு தம்பி. இந்த வயசுல வெக்கமாவும் இருக்கு, சந்தோசமாவும் இருக்கு. இது நெசமான சந்தோசம்.

நான் வராததுனாலதான் தெரு முக்கோட திரும்பியிருக்காக. காரு மேல என்னத்தை அக்கறை விடுறது, அது முதல்லயே காரு மேல இல்லையே. அந்தப் பெயிண்டரைப் போயி வைஞ்சிக்கிட்டு இருந்தேன். அந்தக் கோட்டை அழிக்க விடாதது யாருன்னு இப்பத் தெரியுது.

தம்பி, கோவிச்சுக்காதீங்க. வெள்ளன எந்திரிச்சு தூரத்துலருந்து வந்திருக்கீங்க. நல்ல காபியாப் போட்டுத் தர்றேன், தோசை ஊத்தித் தர்றேன், சாப்பிட்டுட்டுப் போங்க. காரு குடுக்கிறதுக்கு இல்ல. நான் தெரிஞ்சிக்கிட்டேன்னு மட்டும் அவுககிட்ட மூச்சு விட்டுராதீங்க. தெரிஞ்சா அவுகளுக்குக் கூச்சமாப் போயிரும், பெறகு என்னைக் கூப்பிடவே மாட்டாக. அது சரி, உங்க மூணு காரும் கழுவுன பெறகு எங்க போயி காயுது? ஷெட்டுலயேவா? உங்க வீட்டம்மாவுக்குக் காரே பிடிக்காதா? பெறகு எப்படிப் பிடிக்கும். ஊருக்குப் போனதும் ஒண்ணைப் போட்டுக் கழுவுங்க.

இந்தா, சைக்கிள் சத்தம். வந்துட்டாக. கண்ணைத் துடைச்சிக்கிடுறேன், இருங்க.

ஏங்க, தம்பி அப்பவே வந்துட்டாரு. பேசிக்கிட்டுதான் இருந்தோம். இல்லங்க, அழுகையெல்லாம் இல்ல, சோப்புத் தண்ணி கண்ணுல தெறிச்சிருச்சு. துவட்டியாச்சு, எல்லாம் துவட்டியாச்சு. அந்தப் பாலைக் குடுங்க, தம்பிக்குக் காபி போட்டுக் குடுத்துட்டுக் கெளம்புவோம். எங்கயா? பிரேக்கு ஈரமா இருக்குல்ல, காய வைக்க வேண்டாமா? நீங்க மட்டும் போனா எப்படிங்க, இடது பக்கம் யாரு உக்காருறது? முட்டி கெடக்கு முட்டி. கையைப் பிடிச்சு எறக்கி விடுங்க, உக்காந்துக்கிடுறேன். தம்பிக்கு நம்ம காரு பிடிக்கலையாம், பானெட்டுல கோடு இருக்காம். கைக்குட்டையை இப்ப எதுக்கு அவுக்குறீங்க? அது அங்க போயி அவுக்குறதுதான?

என்னது, தெரு முக்கா? அது காணாதுங்க. சீவில்லிபுத்தூரும் காணாது. இன்னைக்கு நீங்க தண்ணியை ரொம்பப் பீச்சிட்டீங்க, ஈரம் நல்லா உள்ள போயிருக்கு. குத்தாலம் வரைக்கும் போனாத்தான் காயும்.